53 லட்சத்துக்கு ஒரு ஹேட்ச்பேக் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேகமான ஹேட்ச்பேக் கார்களைப் பற்றியே இருந்தன, அதாவது டிக்கி தனியாக நீளாமல் பின்கதவோடு முடியும் சின்னக் கார்கள். அதனால் டீசல் சந்தேகங்களையும் சர்வீஸ் புகார்களையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், எனக்கு 39 வயது. ஓ.எம்.ஆரில் ஐ.டி வேலை. காலேஜ் நாட்களிலிருந்தே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ மீது ஆசை, ஹாஸ்டல் சுவரில் படம் ஒட்டி வைத்திருந்தேன். 2025 மே மாதம் அது 53 லட்சம் விலையில் இந்தியாவுக்கு வந்தது, முதல் 150 கார்களும் விலை அறிவிப்பதற்கு முன்பே புக் ஆகிவிட்டன. இப்போது எனக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. கையில் 20 லட்சம் இருக்கிறது, மீதி 45 லட்சத்துக்கு லோன் போட வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒரு எஸ்யூவி நிற்கிறது. மனைவி, 'இந்தப் பணத்துக்கு ஊரில் இடமே வாங்கலாமே' என்கிறார். வாங்கலாமா வேண்டாமா, நேராகச் சொல்லுங்கள். – சென்னை வாசகர்

பதில்: நேராகவே சொல்கிறேன். 45 லட்சம் கடன் வாங்கி இந்தக் காரை வாங்காதீர்கள்.

காரில் குறை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 265 பிஎஸ் பவர் (பிஎஸ் என்றால் குதிரைத்திறன்), 370 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.9 விநாடி. இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். எனக்குப் பிடித்தது வேறு. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் தட்டுகளோடு ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். பொதுவாக முன்சக்கர இழுவைக் காரில், வளைவுக்குள் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் உள்பக்கச் சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுழலும், காரின் மூக்கு ரோட்டுக்கு வெளியே நழுவும். இதில் அந்தப் பூட்டு, சக்தியை வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அழுத்த அழுத்தக் கார் வளைவுக்குள்ளேதான் போகிறது. முதல் முறை இதை உணரும்போது யாராக இருந்தாலும் சிரித்துவிடுவார்கள், அவ்வளவு சந்தோஷமான விஷயம் அது. அதே காரில் பின் சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து, டிக்கியில் நாலு பெட்டியை அடுக்கி ஊருக்கும் போகலாம்.

ஆனால் இந்த வகைக் கார் எதற்காகப் பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1975-இல் ஃப்ராங்ஃபர்ட் கண்காட்சியில் முதல் கோல்ஃப் ஜிடிஐயைக் காட்டினார்கள், 1976-இல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 110 பிஎஸ், எடை 800 கிலோவுக்குச் சற்றே கூடுதல். ஜெர்மனியில் அப்போதைய விலை 13,850 மார்க். 5,000 கார் விற்றாலே போதும் என்று கணக்குப் போட்டு இறக்கினார்கள், அந்த முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்தைத் தாண்டி விற்றது. ஏன் விற்றது? மாதச் சம்பளக்காரர் ஒருவர் வார நாளில் ஆபீஸுக்குப் போய்வரும் காரையே ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைக்கும் எடுத்துப்போக முடிந்தது, விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு அதே சாலையில் ஈடு கொடுக்க முடிந்தது. கைக்கு எட்டும் விலை என்பது அந்தக் காரின் முக்கியமான பாகம். எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டால் எப்படி அது கார் இல்லையோ, அந்த விலையை எடுத்துவிட்டாலும் அது பாதிக் கார்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே அது 53 லட்சத்துக்கு வந்து நின்றதற்குக் காரணம் கார் மட்டும் இல்லை. முழுதாகக் கட்டி முடித்து இறக்குமதியாகும் காருக்குக் குறைந்தது 70 சதவீதம் சுங்க வரி. அதன் தலையில் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இந்த அளவுக் காருக்கு 40 சதவீதம், கார் வந்தபோது செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து 48. அது முடிந்தால் நம் மாநிலச் சாலை வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். 53 லட்சத்தில் 20 சதவீதம் போட்டுப் பாருங்கள், பத்தரை லட்சத்துக்கு மேல் வரும். சாலை வரிக்குக் கொடுக்கும் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல புதுக் காரே வாங்கலாம். அந்த விலையில் இன்ஷூரன்ஸும் சேர்ந்து ஆன்ரோடு, அதாவது கார் வீட்டுக்கு வந்து சேரும் மொத்தச் செலவு, 65 லட்சத்தைத் தாண்டியது. இதில் இரும்புக்கும் எஞ்சினுக்கும் எவ்வளவு, வரிக்கு எவ்வளவு என்று நினைத்தாலே மனசு ஆறவில்லை. ஐந்து வருஷம் கழித்து விற்கப் போகும்போது, வாங்க வருபவர் நீங்கள் கட்டிய வரிக்கு விலை கொடுக்க மாட்டார்.

இப்போது லோன். 45 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 72,400 ரூபாய் சொச்சம். வட்டி மட்டுமே 15 லட்சத்தைத் தாண்டும். ஐ.டி வேலையில் 39 வயதிலிருந்து 46 வயது வரைக்கும் இப்படி ஒரு கட்டாயச் செலவைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டுமா? வேலை மாறலாம், பிள்ளைகளின் படிப்புச் செலவு கூடலாம், அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகலாம். அப்படி ஒரு மாதம் வரும்போது ஆசையாக வாங்கிய காரைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அதை நான் நண்பர்கள் இருவரிடம் கண்ணால் பார்த்துவிட்டேன். ரொம்ப நேசித்து வாங்கிய கார், கடைசியில் அதன் சாவியைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை என்றார்கள்.

அப்புறம், நீங்கள் ஓட்டப்போகும் சாலை. ஓ.எம்.ஆர் நெரிசலில் 265 பிஎஸ்ஸுக்கும் 80 பிஎஸ்ஸுக்கும் ஒரே வேகம்தான். காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே 140 மில்லிமீட்டர்கூட இல்லை, நம் ஊர் வேகத்தடைகளில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒவ்வொன்றாக யோசித்து ஏற்ற வேண்டும். டயர் 225/40 R18, அதாவது பக்கச்சுவர் மெல்லியது. மழைக்காலத்தில் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் ஒரு பள்ளம் போதும், டயரோடு அலாய் வீலும் போய்விடும். அந்த டயர் ஒன்றின் விலையே பதினைந்தாயிரத்துக்குக் குறையாது.

மனைவி சொல்வதைக் காரை எதிர்க்கும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்பது, ஏழு வருஷம் கழித்து நம் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்வி. நியாயமான கேள்வி, அதற்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

சரி, யார் வாங்கலாம்? முழுப் பணத்தையும் கொடுத்த பிறகும் சேமிப்பு அப்படியே இருக்கிறவர், விலை பாதியானாலும் கவலைப்படாதவர், மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது விடியற்காலையில் எழுந்து ஓட்டுவதற்கென்றே வண்டியை எடுக்கிறவர். அப்படிப்பட்டவர் கேட்டிருந்தால் தயங்காமல் வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். அவருக்கு இந்தக் கார் ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் சொல்லும்.

உங்கள் 20 லட்சத்துக்கு என் யோசனை இது. ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ் ஜிடி, 1.5 லிட்டர் டர்போ, 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். டிக்கி தனியாக நீளும் செடான்தான், ஆனால் ஓட்டும் சுகத்தில் அதே கம்பெனியின் பழைய போலோ ஹேட்ச்பேக்கின் ரத்தம் அதில் ஓடுகிறது. இந்தியாவிலேயே தயாராவதால் ஸ்பேர் பார்ட்ஸுக்குக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். வேகத்தடைக்கும் பயமில்லை. கடன் வாங்கினாலும் சின்னத் தொகைதான். அதை வாங்கி நல்ல டயர் போட்டு, ஒரு சனிக்கிழமை ஏற்காடு வரை போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஃபியட்டின் வேகமான ஹேட்ச்பேக்கான அபார்த் புன்டோ, 2016 மாடல் ஒன்று விலைக்கு வருகிறது. 60,000 கி.மீ ஓடியது, ஒரே ஓனர். ஆறு லட்சம் சொல்கிறார். நண்பர்கள் எல்லாம் 'ஃபியட்டே இப்போது இங்கே இல்லை, உனக்கு எதற்கு இந்த வேலை' என்கிறார்கள். – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: உங்களிடம் தினமும் ஓட்ட வேறு வண்டி இருக்கிறதா? இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

அபார்த் புன்டோ 2015 கடைசியில் 9.95 லட்சத்துக்கு வந்தபோது, 1.4 லிட்டர் டர்போவும் 145 குதிரைத்திறனும் அந்த விலையில் வேறு எதிலும் கிடைக்கவில்லை. ஸ்டியரிங்கின் கனமும் அது கைக்குக் கொடுக்கும் செய்தியும் இன்றைய கார்களில் அபூர்வம். பிரச்னை, 2019-இல் ஃபியட் கார்கள் இந்தியாவில் முடிவுக்கு வந்துவிட்டன. எஞ்சின், பிரேக் சாமான்களைத் தேடிப் பிடித்துவிடலாம். பம்பர், ஹெட்லைட், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக், இவைதான் கஷ்டம். சின்ன இடி இடித்தாலே மாதக்கணக்கில் நிற்கும்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு காலத்தில் நான் வைத்திருந்த வேகமான ஹேட்ச்பேக் ஒன்றில், எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டி திண்டிவனம் தாண்டி ஒரு டோல்கேட் வரிசையில் செத்துப்போனது. குடும்பத்தோடு நடு வெயிலில் இறங்கித் தள்ளினோம். பார்ட் வர ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் ஆட்டோவிலும் வாடகை வண்டியிலும்தான் ஓடியது. இரண்டாவது வண்டி இருந்திருந்தால் அதை ஒரு தொந்தரவு என்று கடந்து போயிருப்பேன். இல்லாததால் அந்தக் காரையே விற்றுவிட்டேன், இன்றும் அந்த வருத்தம் போகவில்லை.

வாங்குவதற்கு முன் குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் டர்போவோ எஞ்சினோ எண்ணெய் குடிக்கிறது என்று அர்த்தம், உடனே திரும்பி வந்துவிடுங்கள். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே முழுக்க அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கையால் தொட்டு வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இப்போது பங்கில் வரும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இந்தக் கார் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. எரிபொருள் ஹோஸ், சீல் எல்லாவற்றையும் புதிதாக மாற்ற ஒரு தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள். ஆறு லட்சம் என்பதை ஏழாகக் கணக்கிட்டுப் பேரம் பேசுங்கள்.

புதிதாக வாங்குபவர் படும் நஷ்டம் எப்படி இருக்கும் என்பதற்கு இதே காலத்துப் போலோ ஜிடிஐ நல்ல உதாரணம். 2016 நவம்பரில் 25.65 லட்சத்துக்கு வந்தது, மூன்று கதவு, 192 பிஎஸ், இறக்குமதி. சுமார் ஒரு வருஷத்தில் கம்பெனியே விலையைக் கிட்டத்தட்ட ஆறு லட்சம் குறைத்து 19.99 லட்சம் ஆக்கியது. முதலில் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். இந்த வகைக் காரைப் பொறுமையாகக் காத்திருந்து இரண்டாவது கையாக வாங்குபவர்தான் பெரும்பாலும் லாபம் பார்க்கிறார்.

உங்கள் ஊருக்கு ஒரு பெருமையும் உண்டு. டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி, 114 பிஎஸ், 6.39 லட்சம். ரேஸ் தெரிந்தவர்கள் சாதாரண மக்களுக்காகச் செய்த கார். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது நிறுத்திவிட்டார்கள். அது ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், அபார்த்தை விட்டுவிட்டு அதை எடுக்கலாம். பாடி சாமான்கள் பெரும்பாலும் சாதாரண டியாகோவில் வருவதுதான்.

கேள்வி: ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line) உண்மையிலேயே வேகமான காரா, இல்லை சிவப்புக் கோடு போட்ட சாதாரணக் காரா? கூடக் கொடுக்கும் பணத்துக்குத் தகுமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: இரண்டுக்கும் நடுவில். 1.0 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். வெளிநாட்டில் 'என்' என்று விற்ற ஐ20-க்கு 204 பிஎஸ், அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். இங்கே வரும் என் லைனில் சஸ்பென்ஷனை இறுக்கியிருக்கிறார்கள், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஸ்டியரிங் கனம் கூட்டப்பட்டிருக்கிறது. 2023 மாற்றத்துக்குப் பிறகு முறையான ஆறு கியர் மேனுவலும் கிடைக்கிறது. அதை எடுங்கள். 2021-இல் வந்த ஐஎம்டி, கிளட்ச் பெடல் இல்லாத அந்த ஏற்பாடு, ஓட்டுவதில் பாதிச் சந்தோஷத்தைப் பறித்துவிடும்.

மேலே 1976 கோல்ஃப் ஜிடிஐயின் கணக்கைச் சொன்னேனே, 110 பிஎஸ். எடையில் வித்தியாசம் இருந்தாலும், சம்பளக்காரர் வாங்கக்கூடிய, தினமும் ஓட்டக்கூடிய, ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம் தரக்கூடிய கார் என்ற அந்தப் பழைய நோக்கத்துக்கு இன்று நம் சந்தையில் பக்கத்தில் வருவது 53 லட்சம் கார் இல்லை, இதுதான். நாலு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி 18 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. இது தயாராவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில். சென்னையின் ரேஸ் ட்ராக்கும் அதே ஊரில்தான் இருக்கிறது.

டாடா அல்ட்ரோஸ் ரேசரும் 2024-இல் 120 பிஎஸ்ஸோடு வந்தது. இடவசதி அதில் நன்றாக இருக்கிறது, ஆனால் கியர் மாற்றும் சுகம் ஹூண்டாயில் கூடுதல். என் ஓட்டு என் லைனுக்கு.

கேள்வி: என்னிடம் 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) இருக்கிறது. ஈசியூ ரீமேப் செய்தால் 110 பிஎஸ் 135-க்கு மேல் போகும் என்கிறார்கள். ஐம்பது லட்சம் கார் எதற்கு, இதிலேயே வேலை முடிந்துவிடுமே? – மதுரை வாசகர்

பதில்: வேகம் கூடும் என்பது உண்மை. டர்போ எஞ்சினில், காற்றை எவ்வளவு அழுத்தி உள்ளே தள்ளுவது, எவ்வளவு பெட்ரோல் விடுவது, எந்த நொடியில் பொறி வைப்பது என்பதையெல்லாம் ஈசியூ என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. அதன் கணக்குகளை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். கம்பெனி அதில் ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டுவைத்திருக்கும். மோசமான பெட்ரோல், மே மாத வெயில், சர்வீஸ் விடாத ஓனர், எல்லாவற்றையும் தாங்க வேண்டுமே. ரீமேப் செய்பவர் அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறார். மதுரை வெயிலில் முதலில் அடி வாங்குவது கிளட்ச், அடுத்து டர்போ.

இதைவிட முக்கியம் சட்டமும் இன்ஷூரன்ஸும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. நாளை ஒரு விபத்து என்றால், எஞ்சின் மாற்றப்பட்டிருக்கிறது என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரிக்க வழி இருக்கிறது. எதிரில் வந்தவருக்கு அடிபட்டிருந்தால் அந்தச் சுமை உங்கள் குடும்பத்தின் மேல் விழலாம்.

அந்த ரீமேப் காசுக்கு நான்கு நல்ல டயர் போடுங்கள், பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள், வீல் அலைன்மென்ட் சரியாகப் பாருங்கள். போலோவைப் போன்ற காரில் இதுவே புது வண்டி வாங்கிய மாதிரி இருக்கும். 2022-இல் போலோவை நிறுத்தியதிலிருந்து நல்ல போலோவுக்கு மதிப்பு நிற்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் கார்களே இப்போது இதே வேகத்தில் போகின்றனவே? – சேலம் வாசகர்

பதில்: நேர்கோட்டில் போகின்றன. மஹிந்திராவின் பிஇ 6, பெரிய பேட்டரியோடு 286 பிஎஸ், 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 6.7 விநாடி என்கிறது கம்பெனி. விலை ஜிடிஐயில் பாதிதான். சிக்னலில் இருந்து கிளம்பும் வேகம் மட்டும் போதும் என்றால் கேள்வியே வேண்டாம், அதை வாங்குங்கள். ஆனால் உங்கள் ஊரிலிருந்து ஏற்காடு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேட்டரியின் எடை கூடவே வரும், அதை நீங்கள் ஸ்டியரிங்கில் உணர்வீர்கள். லேசான கார் திரும்பும் விதமே வேறு.

கேள்வி: நான் இருபது வருஷமாக லண்டனில் இருக்கிறேன். இங்கே ஹோண்டா சிவிக் டைப் ஆர், டொயோட்டா ஜிஆர் யாரிஸ் இரண்டும் 40 ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிட்டன. இந்தப் பணத்தை ஹேட்ச்பேக்குக்குக் கொடுப்பதா? – ஹாரோ வாசகர்

பதில்: உங்கள் நிலைமை சென்னை வாசகருடையதிலிருந்து முற்றிலும் வேறு. அங்கே நீங்கள் கொடுக்கும் பணம் பெரும்பாலும் காருக்கே போகிறது. டைப் ஆர் 2023-இல் 46,995 பவுண்டுக்கு வந்தது, 329 பிஎஸ், ஆறு கியர் மேனுவல். ஜிஆர் யாரிஸ் 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர், இப்போது 280 பிஎஸ், நான்கு சக்கர இழுவை. பின் சீட்டில் பெரியவர்கள் உட்கார முடியாது. பிள்ளைகள் வளர்ந்திருந்தால் டைப் ஆர்தான் குடும்பக் கார்.

நான் வாங்கச் சொல்வதற்குக் காரணம், இந்த வகையே அங்கே முடிந்துகொண்டிருக்கிறது. ரெனோ மெகான் ஆர்எஸ் 2023-இல் போனது. ஹூண்டாய் ஐ20 என், ஐ30 என் 2024-இல் ஐரோப்பாவிலிருந்து போயின. ஃபோர்டு ஃபோகஸ் எஸ்டியும் போய்விட்டது. கோல்ஃப் ஜிடிஐ இருக்கிறது, ஆனால் மேனுவல் கியரை எடுத்துவிட்டார்கள். மூன்று பெடல் உள்ள, கையால் கியர் போடும் வேகமான ஹேட்ச்பேக் இனி வருமா என்பது சந்தேகம். அதனால் நல்ல கார்களின் விலை மற்றவற்றைப் போல அவ்வளவு சீக்கிரம் விழாது என்று எதிர்பார்க்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் கவனியுங்கள். அங்கே 40 ஆயிரம் பவுண்டுக்கு மேல் விலைப்பட்டியல் உள்ள புதுக் காருக்கு, இரண்டாவது வருஷத்திலிருந்து ஐந்து வருஷத்துக்குக் கூடுதல் சாலை வரி உண்டு. 2025 ஏப்ரலில் அது வருஷத்துக்கு 425 பவுண்டு ஆனது. இரண்டு மூன்று வருஷம் ஓடிய காராக எடுத்தால் அதில் ஒரு பகுதி முன் ஓனர் தலையில் போயிருக்கும், விலையும் இறங்கியிருக்கும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். மகனுக்கு 22 வயது, போன மாதம்தான் வேலைக்குப் போனான். ஐ20 என் லைன் வேண்டும் என்கிறான், என் பி.எஃப் பணத்திலிருந்து 12 லட்சம் கேட்கிறான். மாதாமாதம் திருப்பித் தருகிறேன் என்கிறான். பணத்தைவிட எனக்கு அவன் வேகத்தை நினைத்தால்தான் பயம். – திருச்சி வாசகி

பதில்: அம்மா, முதலில் பணம். அந்த 12 லட்சத்தைத் தொடாதீர்கள். திருப்பித் தருவான், நல்ல பையனாகவே இருக்கட்டும், ஆனால் உங்கள் முதுமைக்கு என்று வைத்த பணம் ஒரு காராக மாறிய மறுநாளே குறைய ஆரம்பித்துவிடும். மகனுக்கு இப்போது வேலை இருக்கிறது. இரண்டு வருஷம் சம்பளத்தில் சேர்த்து முன்பணம் கட்டி அவனே லோன் போட்டு வாங்கட்டும். அதுவரை வீட்டில் இருக்கும் பழைய வண்டியை ஓட்டட்டும். சாதாரணக் காரை நிதானமாக, ஒழுங்காக ஓட்டத் தெரிந்த பிறகு டர்போ காருக்குப் போவதே சரி.

வேகத்தைப் பற்றிய உங்கள் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. கார் ஆசை உள்ள பையனிடம் 'வேகமாகப் போகாதே' என்று மட்டும் சொல்லிப் பலன் இல்லை, அந்த ஆசைக்கு ஒரு இடம் காட்ட வேண்டும். இந்தியாவில் எந்தச் சாலையிலும் சட்டப்படி 120-க்கு மேல் போக முடியாது, போகவும் கூடாது. நம் சாலையில் ஆடு மாடு வரும், ஹெல்மெட் போடாத தாத்தா எதிர்த்திசையில் வருவார். வால்பாறைப் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்று இளைஞர்கள் ஓடுகிறார்கள், மேலே புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் குட்டியோடு ரோட்டைக் கடக்கும் இடம் அது.

வேகத்துக்கென்று இடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.7 கிலோமீட்டர், கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே. அங்கே சொந்தக் காரையே கொண்டுபோய் ஓட்டும் நாட்கள் வைக்கிறார்கள், பயிற்சியும் உண்டு. எதிரில் வண்டி வராது, ஹெல்மெட் கட்டாயம், ஆம்புலன்ஸ் நிற்கும். முழுக்க பிரேக் அழுத்தினால் கார் எவ்வளவு தூரம் தள்ளிப்போய் நிற்கிறது என்பதை ஒரே ஒரு முறை அங்கே அனுபவித்துவிட்டால், நெடுஞ்சாலையில் முன் வண்டிக்கும் தனக்கும் இடையே அவனாகவே இடைவெளி விடுவான். பல பையன்களிடம் இந்த மாற்றத்தைப் பார்த்திருக்கிறேன்.

முதல் மாதச் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்துப் பயிற்சிக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள். குடையும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள், அங்கே நிழல் குறைவு.